போர்டு முடியும்வரை

பழனி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் லாட்ஜ்கள் நெருக்கியடித்து நிற்கும் தெரு ஒன்றில், மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகம். டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தரும் வழக்குகள் கூடிக்கொண்டே போனபோது, அந்தக் கட்டுகளை எல்லாம் சார் என் மேஜைக்குத் தள்ளிவிட்டார். பெங்களூரில் நண்பர் ஒருவரின் அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், 'கேஸ் மேனேஜர்' என்று எழுதிய சின்னப் பலகை ஒன்றை என் முன்னால் வைத்தார். சம்பளம் மாறவில்லை. கோர்ட்டில் எல்லோருக்கும் நான் இன்றைக்கும் குமாஸ்தாம்மாதான்.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்குவது, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடப்பது, அடிபட்டவர் அங்கேதான் வேலை பார்த்தார் என்பதற்குச் சாட்சி தேடுவது, கட்டுப் பிரிக்கும் நாளில் போய்ப் புண்ணைப் படம் எடுப்பது. இவைதான் என் வேலை. என் போனில் மகளின் பிறந்தநாள் கேக்குக்கு அடுத்த படம் ஒரு கொத்தனாரின் நசுங்கிய கால்விரல்களாக இருக்கும். எட்டு வயதிலேயே அவள், அம்மாவின் போனில் எந்தப் பக்கம் தள்ளினால் எது வரும் என்று தெரிந்துகொண்டு, கேக்கோடு நிறுத்திக்கொள்வாள்.

கூடவே நான் செய்துவந்த இன்னொன்றும் உண்டு. அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. விசாரணைக்கு வரும்போது எந்தச் சட்டை போட வேண்டும், நாற்காலியிலிருந்து எழும்போது எதைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும், வலிக்கிறதா என்று கேட்டால் எவ்வளவு நேரம் கழித்துப் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். பொய் சொல்லச் சொன்னதில்லை. இருக்கும் வலியை வெளியே தெரியவைக்கிறோம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு அப்போது முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது இருக்கும். ஊர் கொடைக்கானல் மலையிலுள்ள பேத்துப்பாறை. சொந்த நிலம் கிடையாது. கூலி வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு விடியும்முன் கிளம்பும் ஜீப்பில் கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலைக்குப் போவாள். அங்கே காரட் கழுவும் மெஷின் ஒன்றில் வேலை. பெரிய இரும்பு டிரம் தண்ணீரோடு சுற்றும், உள்ளே மண் காரட்டைக் கொட்டினால் இன்னொரு பக்கம் பளபளவென்று வந்து விழும். வந்து விழுவதில் அழுகலையும் உடைந்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். குளிருக்குப் புடவைமேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். மோட்டார் பெல்ட்டுக்கு மூடி இல்லை. சட்டைக் கையைப் பெல்ட் இழுத்துக்கொண்டது.

நான் அவளை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். வலது கையின் நான்கு விரல்களும் நசுங்கி, நரம்பு அறுந்து, ஆபரேஷன் செய்து சேர்த்திருந்தார்கள். பக்கத்தில் அவள் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டதற்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள்.

"வெரல வெட்டாம வச்சிட்டாங்கக்கா. அதுவே பெருசு" என்றாள்.

எனக்கு உள்ளே வேறு கணக்கு ஓடியது. நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டைவிரல் போனால் இவ்வளவு சதவீதம், நான்கு விரல் போனால் இவ்வளவு என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்டுப் போனதற்கு வாதம் தேவையில்லை, பட்டியலைக் காட்டினால் போதும். விரல் இருந்து, வேலை செய்யாமல் போனால்தான் தொல்லை. அரசு மருத்துவர்கள் குழு பார்த்துச் சதவீதம் போட வேண்டும். அதைத்தான் நாங்கள் போர்டு என்போம். போர்டு போடும் எண்தான் வழக்கு. விரல்களை வெட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்குமே என்று, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நினைத்தேன். அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே நினைத்தேன்.

தையல் பிரித்த பிறகு அவளைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். சின்னப் பெண் ஒருத்தி அந்த அறையில் இருந்தாள், படித்து முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. வெந்நீரில் கையை வைத்து ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிடுவாள். வீட்டில் அமுக்கிப் பழக மஞ்சள் ரப்பர் பந்து ஒன்று கொடுத்திருந்தாள். பேத்துப்பாறையிலிருந்து வாரம் மூன்று நாள் போக வேண்டும். எங்களவள் ஒரு நாளும் தவறவில்லை. அவள் வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் புருஷனோடு போய்விடும் என்பதால், ஆஸ்பத்திரி அட்டையில் என் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது மாதம் வக்காலத்தில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வந்தவள் மூச்சுகூட வாங்காமல், என் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை வலது கையால் எடுத்தாள். விரல்கள் முழுக்க வளையவில்லை. இருந்தாலும் டம்ளர் நின்றது. வாய்வரை கொண்டுபோய்ப் பாதி குடித்துவிட்டு, திரும்ப வைத்தாள்.

"பாத்தீங்களாக்கா! நேத்துத்தான் வந்துச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல காரட்டுக்கே போயிருவேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உள்ளறையிலிருந்து சார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். எங்கள் நோட்டீஸுக்கு மெஷின்காரரின் பதில் அன்று காலைதான் வந்திருந்தது. அந்தப் பெண் என்னிடம் வேலை பார்க்கவே இல்லை, தன் காரட்டைக் கழுவிக்கொண்டு போக வந்தவள், அவளாகக் கையை விட்டுக்கொண்டாள் என்று எழுதியிருந்தார்கள்.

"வேலை பார்த்தான்னு நிரூபிக்கவே நாக்குத் தள்ளப்போகுது. அதையும் நிரூபிச்சப்புறம் இவ இப்படி டம்ளரைத் தூக்கிக் காட்டினா கேஸ் எங்கம்மா இருக்கு?" என்றார் சார். பேனாவை மூடிக்கொண்டே, "போர்டு முடியட்டும்" என்றார்.

இவ்வளவுதான் அவர் சொன்னது. இதை எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பயிற்சியை நிறுத்தச் சொல் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியும். பதினோரு வருடமாக அவர் பாதியில் விடும் வாக்கியங்களை முடித்துவைப்பது நான்தான்.

அடுத்த வாரமே போனேன். கொடைக்கானல் பஸ்ஸில் ஏறிப் பெருமாள்மலையில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் பேத்துப்பாறை. அவள் வீட்டு வாசலில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. யாரோ உரிக்கக் கொடுத்தது. இடது கையால் தோலை உரித்துக்கொண்டு, வலது கையில் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து காபி போடப் போனாள். நான் உட்காரச் சொன்னேன்.

"இங்க பாரும்மா. போர்டு முடியற வரைக்கும் அந்த எக்ஸர்சைஸ் வேண்டாம்."

"ஏன்க்கா?"

"டாக்டருங்க கையப் பாத்துத்தான் சதவீதம் போடுவாங்க. நல்லாருக்குன்னு எழுதிட்டா ஒண்ணும் கெடைக்காது. ரெண்டு மாசம்தான். முடிஞ்சதும் திரும்பப் போயிக்கலாம்."

"விட்டா கை மறந்துராதா?"

"அதெல்லாம் மறக்காது" என்றேன்.

அதற்குமேல் அவள் யோசிக்கவே இல்லை. இன்னும் சந்தேகப்பட்டிருந்தால், நான் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருந்திருக்கும். பேசும்போது எனக்கே நான் சொல்வது கேட்டிருக்கும். அவளோ பந்தை என் பக்கம் நீட்டினாள். "இது இங்க கெடந்தா கை சும்மா இருக்காதுக்கா. நீங்களே வச்சுக்கங்க."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பெருமாள்மலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சில்லறை எடுக்கப் பைக்குள் கைவிட்டால் அதுதான் தட்டுப்பட்டது. டீக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பிசியோ பெண் போன் செய்தாள். "மேடம், அட்டையில உங்க நம்பர்தான் இருக்கு. அவங்க வரதே இல்ல. நரம்பு சேர்த்த கை, இப்ப விட்டா விரல் அப்படியே மூடிக்கும். அப்புறம் எத்தனை வருஷம் பண்ணாலும் திறக்காது. கொஞ்சம் சொல்லுங்க மேடம், ப்ளீஸ்."

"சொல்றேன்ம்மா" என்றேன்.

சொல்லவில்லை.

இதற்கு நடுவில் சாட்சி தேடும் படலம். மேல்மலையில் அந்த மெஷினில் வேலை பார்த்த பெண்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அன்றைக்கு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியது அவர்களில் ஒருத்தி. அவளை வழியில் மடக்கிக் கேட்டபோது, தலைச்சுமையை இறக்காமலே பேசினாள்.

"நான் வந்து சொல்றேன். சொல்லிட்டு வந்தா நாளைக்கு எனக்கு யாரு சோலி குடுப்பா? நீங்களா?"

கேட்டுவிட்டு, சுமையோடு நடந்துவிட்டாள்.

மெஷின்காரரையும் ஒரு நாள் பார்த்தேன். டீக்கடையில் அவராகவே வந்து எதிரே உட்கார்ந்தார். கெட்டவர் மாதிரி முகம் இல்லை. "அந்தப் பிள்ளைய மடியில போட்டு ஜீப்புல தூக்கிட்டு ஓடுனது நாந்தாம்மா. என் வேட்டி பூரா ரத்தம். அவ புருஷன்கிட்டக் கேளுங்க" என்றார். அப்படியானால் ஏன் வேலைக்காரி இல்லை என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். "அது வக்கீல் எழுதுனது" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

சாட்சியாகக் கடைசியில் கிடைத்தது ஒரு வீடியோ. கொடைக்கானலுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மேல்மலைக்கும் போய், காரட் கழுவுவதைப் படம் பிடித்துப் போடுவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் போனில் அதையே தேடினேன். எத்தனை நாள் தேடினேன் என்று நினைவில்லை. ஒரு இளம் ஜோடி போட்ட வீடியோவில் அவள் இருந்தாள். விபத்துக்கு ஒன்பது நாள் முந்தையது. மெஷின்காரரின் பெயர்ப் பலகை பின்னால் தெரிகிறது. அவள் புருஷனின் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, அழுகல் காரட்டைப் பொறுக்கிப் பொறுக்கி எறிகிறாள். கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அலுவலகத்தில் அன்று எனக்குக் கைதட்டல். சார் கீழே ஆளனுப்பி எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் என்று நான் சொன்ன போர்டு ஏழு மாதம் ஆனது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் புருஷனின் இனிஷியல். விண்ணப்பத்தில் நான் ஒன்றைப் போட்டு அனுப்பினேன், திரும்பி வந்தது. மற்றதைப் போட்டு அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தாசில்தார் அலுவலகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. முதலிலேயே கவனித்திருக்க வேண்டியவள் நான். ஏழு மாதமும் அவள் என் பேச்சைக் காப்பாற்றினாள். மாதம் ஒருமுறை யாருடைய போனிலிருந்தாவது கூப்பிடுவாள்.

"அக்கா, தேதி வந்துருச்சா?"

"வந்துரும்மா."

"வெரசாப் போடச் சொல்லுங்கக்கா. கை மரக்கட்டையாட்டம் கெடக்கு."

போர்டு நாளில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த பெரியவர் அவள் கையை வாங்கிப் பார்த்தார். விரல்கள் உள்ளங்கையைத் தொட்டபடி மடங்கியிருந்தன. நகங்களை அவள் ஒட்ட வெட்டியிருந்தாள், இல்லாவிட்டால் உள்ளே குத்தும். அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். அவள் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நடுவிரலையும் பிடித்தார். அவள் நாற்காலியிலிருந்து சரிந்தாள். தண்ணீர் குடிக்க அவளை வெளியே அனுப்பிவிட்டு, டாக்டர் என்னைப் பார்த்தார்.

"பிசியோவுக்கு அனுப்பலையா?"

"ஊர்ல இருந்து பஸ் சரியா இல்லைங்க டாக்டர்" என்றேன்.

"மூணு மாசத்துக்குள்ள ஒழுங்காப் போயிருந்தா பாதியாவது நிமிர்ந்திருக்கும். சின்ன வயசு. இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் எழுதிய எண்ணை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். சார் எதிர்பார்த்ததைவிட அதிகம். என் மனது துள்ளியது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அதுதான் முதலில் நடந்தது. மற்றதெல்லாம் பிறகு வந்தது.

வெளியே பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். "நல்லா எழுதிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்காங்க. இனிமே நீ எக்ஸர்சைஸுக்குப் போலாம்."

போனாள். அந்தச் சின்னப் பெண் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தாள். புதிதாக வந்தவர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, இறுகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். "ரொம்ப வலிக்குதுக்கா, விட்டுட்டேன். எனக்கு விதிச்சது அம்புட்டுத்தான்" என்று போனில் சொன்னாள். நானும் ஆமாம் போட்டேன்.

விசாரணை திண்டுக்கல்லில், தொழிலாளர் துணை ஆணையர் அறையில் நடந்தது. சாரின் லேப்டாப்பைத் திருப்பி வைத்து வீடியோவைப் போட்டோம். ஆணையர் பார்த்தார், எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தார், மெஷின்காரர் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்து முன்னால் குனிந்தாள். தன்னை அவள் அதற்குமுன் வீடியோவில் பார்த்ததில்லை. முதல்முறை ஓடி முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, "கை எம்புட்டு வேகமாப் போகுது பாருங்கக்கா" என்றாள். அதிகாரி முன்னால் பேசக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். தொடையில் தட்டி அடக்கினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். குறுக்கு விசாரணையில் ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் சாதாரணமாக, "இந்தாங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார். அவள் யோசிக்காமல் வலது கையைத்தான் கொண்டுபோனாள். மூடிய கை பேனாவை இடித்தது. பேனா உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து மறுபடியும் அதே கையால் எடுக்கப் பார்த்தாள். இரண்டு தடவை. ஆணையர் ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சார் என்னிடம், "அந்தப் பேனா போதும்மா. நாமளே சொல்லிக்குடுத்திருந்தாக்கூட இப்படிப் பண்ணியிருக்க மாட்டா" என்றார்.

தீர்ப்பு எங்கள் பக்கம். முழுதாக வந்தது. அவர்கள் வீட்டுக் கூரையை மாற்றினார்கள், மகளை ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்று கிலோ மலைப்பூண்டைச் சாக்குப் பையில் கட்டிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தாள். பலகை சரிந்தது. அவளே நிமிர்த்தி வைத்தாள். அந்தப் பூண்டை நாங்கள் ஆறு மாதம் சாப்பிட்டோம்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை, தன் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புருஷனின் தம்பி. கொடைக்கானலில் காட்டேஜ் கட்டுகிற இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் நொறுங்கி, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். மாடிப்படியில் அவரை இடது கையால் தாங்கிக்கொண்டு ஏறி வந்தவள், உட்காருவதற்கு முன்பே சொன்னாள்.

"மாவுக்கட்டுப் பிரிச்சு ரெண்டு வாரமாச்சுக்கா. தெனமும் காலை அசைக்கணும், நடக்கணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. நான் விடுவேனா? கட்டில விட்டு எறங்கவிடல. போர்டு முடியட்டும்னு சொல்லிட்டேன்."

பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் பாராட்டுக்கு நிற்கும் பிள்ளையைப் போல என்னைப் பார்த்தாள். பேத்துப்பாறையில் இன்னும் இரண்டு பேருக்கும் இப்படிச் சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொன்னாள்.

"நாளைக்கே அவரப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்றேன்.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? எனக்கு வேண்டாம்னுதான சொன்னீங்க?"

"உனக்குச் சொன்னது தப்பு."

"தப்புன்னா?"

உள்ளறைக் கதவு மூடியிருந்தது. நான் அவள் கையைப் பார்க்காமல், கொழுந்தனின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பிசியோ பெண் போன் செய்ததைச் சொன்னேன். போர்டு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இந்தப் பையனின் கால் பிழைக்க வேண்டுமென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே சொன்னேன்.

நான் முடித்ததும், "அப்ப வெரலு விரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"முழுசா இல்லேன்னாலும், வேலை செய்யற அளவுக்கு. டம்ளர் புடிச்சேல்ல நீ."

கொழுந்தனுக்கு முகம் சிவந்தது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அண்ணி, வாங்க போலாம். பில்டிங்காரன் இவங்களப் பாத்துட்டான். வெலைக்கு வாங்கிட்டான். இல்லேன்னா உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு சொல்லுவாங்களா?" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் படி இறங்கத் தொடங்கினார்.

அவள் போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"போர்டுக்கு என்னென்ன பேப்பர் வேணும்? அத மட்டும் எழுதிக் குடுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

எழுதினேன். விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ஆதார், பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் அதற்கான சான்று. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். பிசியோதெரபி எந்த அறை, எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி. அதன் கீழே ஒரு கோடும் போட்டேன்.

அவள் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசி வரிக்கு வந்து நிறுத்தினாள். மடங்கிய வலது கையால் தாளை மேஜையோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் அந்த வரியைக் கிழிக்கப் பார்த்தாள். தாள் நழுவிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி நழுவியது. பிறகு அதை என் பக்கம் தள்ளினாள்.

"கிழிச்சுக் குடுங்க."

"அது அவருக்கு வேணும்மா. கேளு நான் சொல்றத."

"கேட்டேன்ல" என்றாள். "கிழிச்சுக் குடுங்க."

மேஜையில் இருந்த அடிக்கோலை வைத்து நேராகக் கிழித்து, மேல்பாதியைக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

சாரிடம் சொன்னேன், எல்லாவற்றையும் அல்ல. "வேற ஆபீசுக்குப் போயிட்டாங்க சார்" என்று மட்டும். "போகட்டும், கணுக்காலுக்கு என்ன பெருசா வந்துரப்போகுது" என்றார். இப்போது அடிபட்டு வருகிறவர்களிடம் நானாகவே பயிற்சிக்குப் போகச் சொல்கிறேன், அவர் காதில் விழாமல். சிலர் போகிறார்கள். சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விடுகிறார்கள். நான் இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் திண்டுக்கல் ஆணையர் அலுவலகத்தில் அவர்களைப் பார்த்தேன். கொழுந்தனுக்குக் கால் ஒரு பக்கமாகத் திரும்பி இறுகியிருந்தது. அவர்களுடைய வக்கீலின் குமாஸ்தா, என்னைவிட வயதில் சிறியவர், கோலை எந்தப் பக்கம் ஊன்றி எழ வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள். ஆரஞ்சு ஒன்றை மடங்கிய வலது கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். முகம் திருப்பவில்லை, சிரிக்கவும் இல்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

உட்காரலாமா என்று நான் நிற்கும்போது, உள்ளேயிருந்து நான் வந்திருந்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு போனேன்.